சாது என்ற சொல்

அன்புள்ள அண்ணா,

பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தாய்லாந்து, சியாங் மாய் போகிறோம். யானைச் சவாரி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு, சவாரி இல்லாத ஒரு சரணாலயத்தைத் தேடிப் பிடித்தேன். யானைக்குச் சேறு பூசிக் குளிப்பாட்டலாம், வாழைப்பழம் ஊட்டலாம். இது சரிதானே? மச்சம் சாப்பிடுகிற எங்களுக்கு இதையெல்லாம் கதைக்க என்ன தகுதி என்று இவர் கேட்கிறார்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் முத்துராஜாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2001இல் தாய்லாந்து இலங்கைக்குத் தந்த யானை. இங்கே ஒரு விகாரையில் நின்று, முன்னங்கால் ஒன்று மடக்க முடியாமல் விறைத்துப்போய், 2023 ஜூலையில் கூட்டுக்குள் நின்றபடி விமானமேறித் திரும்பிப் போனது. போய் இறங்கியது நீங்கள் போகிற அதே சியாங் மாயில்தான். நாங்கள் யானையை எப்படி வைத்திருந்தோம் என்று தாய்லாந்துக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

மச்சக் கதையை இன்னொரு நாள் பார்ப்போம். அவர் உங்கள் வாயை அடைக்கக் கேட்டது அது.

சவாரியை வேண்டாமென்று விட்டீர்களே, மனம் குளிர்ந்தது. அடுத்த வரியிலேயே குளிப்பாட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்கவே மாட்டீர்களா? முன்பின் தெரியாத இருபது கைகள் வயிற்றைத் தேய்க்க, இரண்டு மூன்று ஆயிரம் கிலோ மிருகம் காலையும் பின்னேரமும் அசையாமல் நிற்கிறதென்றால் அது தானாக நிற்குமா? 1989இல் தாய்லாந்து காட்டுமரம் வெட்டுவதைத் தடைசெய்தது. மரம் இழுத்த யானைகளும் பாகர்களும் பிழைப்பில்லாமல் சுற்றுலாவுக்கு வந்தார்கள். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, மரச்சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டி, பட்டினி போட்டு, அடித்துப் பணியவைக்கிற பழக்கத்துக்கு அங்கே 'பஜான்' என்று பெயர். முதுகில் ஏற விடுகிற யானையும் குளிப்பாட்ட விடுகிற யானையும் படித்த பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

எனக்கு ஏழு வயதிருக்கும். கொழும்பில் ஒரு கோயில் திருவிழா. அப்பா என்னைத் தூக்கி யானையின் காதுக்குக் கிட்டப் பிடித்து, "தொடடா, பயம் போகும்" என்றார். தொட்டேன். தும்பு மாதிரி விறைத்த மயிர். கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். காதுமடலுக்குப் பின்னால் ஈரம். எடுத்துப் பார்த்தால் விரலில் மஞ்சள்தூளும் சீழும். அங்குசம் கொழுவுகிற இடம். யானை ஓர் அங்குலமும் நகரவில்லை. இமை மட்டும் ஒருதரம் மூடித் திறந்தது. அப்பா லேஞ்சியால் என் விரலைத் துடைத்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு சாது" என்றார்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆசையாகத்தான் தூக்கினார். அந்தச் சாது என்ற சொல்லோடுதான் எனக்கு இன்றைக்கும் சண்டை. புண்ணில் விரல் பட்டும் நகராமல் நிற்க ஒரு மிருகத்துக்கு என்னவெல்லாம் செய்திருப்பார்கள்! அதைக் குணம் என்கிறோம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்றும் நாங்களே சொல்கிறோம். 2025 ஜனவரியில் தாய்லாந்தின் கோ யாவோ தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பானிய மாணவி ஒருத்தி அந்த யானையாலேயே செத்துப்போனாள். 22 வயதுப் பிள்ளை.

சியாங் மாயில் யானையைத் தூரத்தில் நின்று பார்க்க மட்டும் விடுகிற இடங்களும் உண்டு. பதிவுசெய்யமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தொடலாமா? ஓம் என்றால் அந்த இடம் வேண்டாம். பிள்ளைகள் அழுவார்கள் என்கிறீர்களா? அழட்டும்.

அதற்கு முதல் அவர்களை எங்கள் நாட்டு உடவளவைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி விடுவதற்காக வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் அங்கே ஓர் இடம் தொடங்கியது. பால் நேரத்தில் கதவைத் திறந்ததும் குட்டிகள் ஓடிவரும். வாயில் குழாயை வைத்துப் புனலால் பாலை ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் இலைதழைப் பக்கம் போய்விடும். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றையும் தொட முடியாது. இரண்டு மூன்று குட்டிகள் உங்களைத் திரும்பியும் பாராது.

சின்னவளுக்கு அதைக் காட்டுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா