நாயுடன் நெடும்பயணம்: சேலம், ஏற்காடு வழியில் எங்கே நிறுத்தலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருவோர் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்புவதோடு நிற்பதில்லை. ஏற்காட்டுக்கோ, சேலம் வழியாக மதுரை, கோவைப் பக்கமோ நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போகலாமா, வழியில் எந்தெந்த இடத்தில் இறக்கிவிடலாம் என்றும் விசாரிக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களிலும் அவையே மிகுதியாக இருப்பதால், ஒரே தொகுப்பாகப் பதில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து நான்கு வயது லாப்ரடாருடன் ஏற்காட்டுக்குப் புறப்படுகிறோம். வழியில் எங்கெங்கே நிறுத்துவது? முத்துமலை முருகனையும் பார்க்க விரும்புகிறோம். (வாசகி, தாம்பரம்)

சென்னையிலிருந்து சேலம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர், அங்கிருந்து மலைமேல் இன்னும் 30 கிலோமீட்டர் என்பதால், நாயோடு போகும்போது எட்டு மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் நிறுத்துவது என்பதைவிட, அந்த ஊரில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, திண்டிவனம் அருகே ஒரு முறையும், உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பிய பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு முறையும், வாழப்பாடிக்கு முன்னதாக ஒரு முறையும் இறக்கிவிட்டால், வெயில் உறைக்கத் தொடங்கும்போது பெரும்பகுதி சாலை முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போதும். சிறுநீர் கழிக்கவும், சற்று நடக்கவும், கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கவும் அதற்கு மேல் தேவைப்படாது.

நிறுத்தும் இடம் பெரிய உணவக வாசலாக இருக்க வேண்டாம். அங்கே கோழி எலும்பும், அதற்காகக் காத்திருக்கும் ஊர் நாய்களும் இருக்கும். அவற்றின் எல்லைக்குள் உங்கள் நாய் காலை வைத்ததும் சண்டை மூளும். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, மர நிழலும் மண் தரையும் உள்ள இடமே பார்த்து நிறுத்துங்கள். கதவைத் திறப்பதற்கு முன்பே கயிற்றை ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டி, மறுமுனையைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்புறக் கதவு வழியாக மட்டுமே இறக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அடைந்து கிடந்த நாய் கதவு ஒரு சாண் திறந்ததும் பாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரன் அடித்தால், அது எந்தத் திசையில் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்ட 146 அடி உயர முத்துமலை முருகனை அவசியம் பாருங்கள்; ஆனால் கோயில் வளாகத்துக்குள் நாயைக் கொண்டுபோக வேண்டாம். குடும்பத்தில் பாதிப் பேர் தரிசனம் முடித்து வரும்வரை மீதிப் பேர் நாயோடு நிழலில் இருந்து, பிறகு முறை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் கல் தளமும் தார்ச்சாலையும் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே படக் கூடாது.

ஆத்தூர் வட்டாரத்தில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த பகுதி. பச்சை மரவள்ளிக் கிழங்கிலும், அதைவிட மிகுதியாக அதன் தோலிலும், வயிற்றுக்குள் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. ஆலைகளுக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் தோலை நாய் மெல்லவும், அங்கே ஓடும் கழிவுநீரைக் குடிக்கவும் விடாதீர்கள். வீட்டிலிருந்து எடுத்துவந்த தண்ணீரே வழி முழுவதும் போதுமான அளவு இருக்கட்டும்.

எட்டு மாதக் குட்டி. காரில் ஏற்றினாலே எச்சில் ஒழுக ஆரம்பித்து, வளைவுகளில் வாந்தி எடுக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் என்ன செய்வது? (வாசகர், ஈரோடு)

இந்த வயதில் இது மிகச் சாதாரணம். உடலின் சமநிலையைக் காக்கும் உட்காதின் அமைப்பு இளம் நாய்களில் முழுமையாகத் தேறியிருக்காது. ஒரு வயதுக்குப் பிறகு பல நாய்களுக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் வாந்தியும் காரும் ஒன்றோடொன்று சேர்ந்து மனத்தில் பதிந்துவிட்டால், நோய் நீங்கிய பிறகும் பயம் நீங்காது. ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே பழக்கத்தைத் தொடங்குங்கள். முதலில் நிற்கும் காரில் உட்காரவைத்துத் தீனி கொடுங்கள், பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள், அதன் பிறகு தெருமுனை வரை போய்வாருங்கள்.

புறப்படுவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே உணவு வேண்டாம்; தண்ணீர் கொடுக்கலாம். பொமரேனியன் போன்ற சிறு வகைக் குட்டியாக இருந்தால் மட்டும் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது. இரத்தச் சர்க்கரை குறைந்துவிடும். வாந்தியைத் தடுக்க மரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் அளவு எழுதித் தந்தால், பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடலாம். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத் தொடங்குவதற்கு முன் அடிவாரத்திலேயே இருபது நிமிடம் நடக்கவிட்டு, கண்ணாடியை விரல் நுழையும் அளவுக்கு இறக்கிவைத்து, வளைவுகளில் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். எச்சில் ஒழுகுவது, அடிக்கடி உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது ஆகியவை வாந்திக்கு முன் வரும் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் அகலமான ஓரம் வரும் இடத்தில் நிறுத்துங்கள், வளைவிலேயே நிறுத்தாதீர்கள். குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்திலும் நிறுத்த வேண்டாம். அவை திறந்த கதவுக்குள் வரத் தயங்குவதில்லை. நாயும் குரங்கும் நேருக்கு நேர் நின்றால் கடி வாங்குவது பெரும்பாலும் நாய்தான்.

ஏற்காட்டில் நாயோடு எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம்? (வாசகர், ஓசூர்)

சீட்டு வாங்கி உள்ளே போகும் இடங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். திறந்த மலை விளிம்புகளும் தோட்டச் சாலைகளும்தான் நாய்க்கு ஏற்றவை. அண்ணா பூங்காவிலும் படகுத் துறையிலும் வாயிலிலேயே கேளுங்கள். மறுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அனுமதி கிடைத்தாலும் படகில் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் பதறிய நாய் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் படகே சாயும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் அரிய ஆர்க்கிட் செடிகளைப் பாதுகாக்கும் இடம் என்பதால் நாயோடு அந்தப் பக்கம் போகும் எண்ணமே வேண்டாம்.

ஏரிக்கரைச் சாலையில் காலை ஏழு மணிக்கு முன் நடப்பது நாய்க்கும் உங்களுக்கும் நல்லது. கடைகள் திறந்து கூட்டம் வந்த பிறகு அதே சாலையில் மிளகாய் பஜ்ஜியும் குதிரைச் சவாரியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து எந்த நாயையும் நிலைகொள்ளாமல் ஆக்கிவிடும். லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் காட்சி அருமையானது; ஆனால் தடுப்புக் கம்பிகளின் இடைவெளி மனிதர்களைக் கருதி வைக்கப்பட்டது, டாக்ஷுண்ட் போன்ற குட்டைக்கால் நாயோ குட்டியோ அதில் எளிதாக நுழைந்துவிடும். அங்கெல்லாம் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிறுதான் வேண்டும். பொத்தானை அழுத்தினால் நீளும் வகைக் கயிறு மலை விளிம்புக்கு ஏற்றதல்ல.

எனக்குப் பிடித்த இடம் சேர்வராயன் உச்சி. 1,623 மீட்டர் உயரத்தில் சமதளமாக விரிந்த புல்வெளியும் ஓயாத காற்றும் இருப்பதால் நடுப்பகலிலும் நாய்க்குக் களைப்புத் தெரிவதில்லை. ஆனால் அங்குள்ள குகைக் கோயிலில் குடிகொண்டிருக்கும் சேர்வராயரும் காவேரியம்மனும் இம்மலை மக்களின் தெய்வங்கள். கோயில் பக்கம் நாயைக் கொண்டுபோகாமல் தள்ளியே நில்லுங்கள்; திருவிழா நாளில் அங்கே போகவே வேண்டாம். மலம் கழித்தால் உடனே எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். ஒருவர் எடுக்காமல் விட்டால் அடுத்து வரும் பத்துப் பேரின் நாய்களுக்கும் அங்கே இடமில்லாமல் போகும்.

கிளியூர் அருவிக்கு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். மழைக்குப் பின் அவை வழுக்கும். ஏழு வயது கடந்த லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டில் தேய்மானம் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் அருவியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஊரைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் காபித் தோட்டங்களுக்கு நடுவே காரில் போய், நிழல் கண்ட இடத்தில் இறங்கி நடப்பது எந்த வயது நாய்க்கும் ஒத்துவரும்.

சேலம் கடைவீதியில் அரை மணி நேர வேலை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காரில் விட்டுப் போகலாமா? (வாசகி, நாமக்கல்)

கூடாது. வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 45 டிகிரியைத் தொடும். ஜன்னல் சற்றுத் திறந்திருப்பதால் சொல்லத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி, 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் சாய்ந்துவிடும். வேகமாக மூச்சிரைத்து, ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, தள்ளாட ஆரம்பித்தால், குளிர்ந்த குழாய் நீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் கட்டியில் கிடத்த வேண்டாம். தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியிலுள்ள மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களைப் பயணத்துக்கு முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா? (வாசகர், தர்மபுரி)

முடியாது. உயிரியல் பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணிகளை அனுமதிப்பதில்லை, அது நியாயமும்கூட. நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளைக் கொன்றுவிடும்.

வழியில் சாப்பிட என்ன கொடுப்பது? எங்கள் நாய் நாங்கள் சாப்பிடும் எதையும் விடாது. (வாசகி, கரூர்)

வீட்டில் எதைச் சாப்பிட்டுப் பழகியதோ அதையே பாதி அளவில், போய்ச் சேர்ந்த பிறகு கொடுங்கள். தயிர்சாதம் உண்டு வளர்ந்த நாய்க்குப் பயண நாளில் புதிய டப்பா உணவு எதற்கு? சேலத்தில் நீங்கள் ஆசையாகச் சாப்பிடப்போகும் தட்டுவடை செட்டில் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். மாம்பழச் சதையில் ஒரு துண்டு கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆனால் கொட்டையை விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சையில்தான் முடியும்.

காபித் தோட்டத்துக்குள் உள்ள வீட்டில் மூன்று நாள் தங்குகிறோம். ஆகஸ்ட் மாதம். என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், கோவை)

மழை மாதம் என்பதால் அட்டையும் உண்ணியும் இருக்கும். அட்டை பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பெரிய தீங்கில்லை. உப்புநீரில் நனைத்த துணியால் தொட்டால் விழுந்துவிடும், தீக்குச்சியால் சுட வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் குடித்த நாய்க்கு மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தால் மட்டும் அட்டை உள்ளே இருக்கக்கூடும்; அதை நீங்களே எடுக்க முயலாதீர்கள்.

அஞ்ச வேண்டியது இரத்தத்தில் நோயைப் பரப்பும் உண்ணிக்குத்தான். புறப்படும் முன்பே உண்ணித் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்குகளில், வாலின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். ஊர் திரும்பி இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோ, வெளிறிய ஈறோ, கறுத்த சிறுநீரோ தென்பட்டால், மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பயணத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்காததால் தாமதமாக வரும் நாய்கள்தான் என் மேசையில் அதிகம்.

விடியலிலும் அந்தியிலும் தோட்டத்துக்குள் நடக்காதீர்கள். இம்மலையில் காட்டெருமைகள் உண்டு. பனிமூட்டத்தில் இருபது அடி தொலைவில்கூடக் கண்ணுக்குத் தெரியாது, நாய் குரைத்தால் எருமை நம் பக்கம் திரும்பி வரும். அறுவடைக் காலமான குளிர்மாதங்களில் மறுமுறை போனால், காயவைத்திருக்கும் காபிக் களங்களுக்கு நாயை விடாதீர்கள்; கொட்டையிலுள்ள காஃபீன் நாய்க்கு நஞ்சு.

பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில் மேட்டூரில் ராஜபாளையம் நாயோடு இறங்கலாமா? (வாசகர், பெங்களூரு)

தொப்பூரில் பிரிந்து மேட்டூர், பவானி வழியாகப் போவது உங்களுக்குச் சுற்றே அல்ல. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையைச் சாலையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். பூங்காவுக்குள் போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள். அணைக்குக் கீழே காவிரியில் மட்டும் நாயை இறக்காதீர்கள். வழக்கமாக ஜூன் 12-இல் தொடங்கும் பாசனத் திறப்புக்குப் பின் நீரின் அளவும் வேகமும் முன்னறிவிப்பின்றி மாறும்.

ராஜபாளையம் என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய்க்கு வெயிலில் மூக்கு புண்ணாகும்; பதினோரு மணி முதல் நான்கு மணி வரை நிழலை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள். அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. உங்கள் நாயும் அப்படியானால், கூப்பிட்டால் திரும்பும் என்று நம்பிக் கயிற்றைக் கழற்றக் கூடாது. உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையைக் கழுத்துப்பட்டையில் கோத்து, தடுப்பூசிப் புத்தகத்தைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.