துருவத்துக் குடிசைகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கு என்ன படிக்க வைப்பது?

சார், பிளஸ் டூ முடித்த மகள் "துருவப் பயணிகள் விட்டுப்போன குடிசைகளை ஸ்கேன் செய்யப் போறேன்" என்று சொன்னதும் பயந்துவிட்டீர்கள், நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது.

கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில் ஃபோர்ட் காங்கர் என்று ஓர் இடம். 1881-இல் அமெரிக்க ராணுவத்தின் கிரீலி ஆய்வுப் பயணமாக வந்து அங்கே பெரிய வீடு கட்டித் தங்கினார். அவரையும் சேர்த்து 25 பேர், பிழைத்தது 6 பேர்தான். பின்னால் வந்த இன்னொரு அமெரிக்கத் துருவப் பயணி பியரி 1900-இல் அந்த வீட்டைப் பிரித்து, அதே பலகைகளில் சின்னக் குடிசைகள் போட்டுக்கொண்டார். (எனக்கென்னவோ இரண்டு பேரில் பியரிதான் குளிரைப் புரிந்துகொண்டவர், அந்த வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் கற்றுக்கொண்டதால்.) அந்தக் குடிசைகளை 2010-இல் கால்கரி பல்கலைக்கழகக் குழு லேசர் ஸ்கேனரோடு போய் முப்பரிமாணத்தில் பதிவு செய்தது. உறைமண் இளகி, கடல் கரையை அரித்துக்கொண்டு வரும் இடம் என்பதால் அளவெடுத்து வைப்பதில் அவசரம் இருக்கிறது.

சரி, வேலை எப்படி இருக்கும்? பனி குறையும் கோடையில் சில வாரங்கள்தான் அங்கே போக முடியும், மீதி மாதமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்கேனர் அளந்து தந்த கோடிக்கணக்கான புள்ளிகளைச் சுத்தம் செய்து ஒட்டும் வேலை. அண்டார்டிகா பயணி ஷாக்கிள்டனின் மூழ்கிப்போன எண்டூரன்ஸ் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள், 2022-இல் 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள், மனிதர் யாரும் அவ்வளவு ஆழம் இறங்கவில்லை, ரோபோ எடுத்த 25,000 படங்களைக் கோத்துத்தான் முழுக் கப்பலையும் மாடலாக்கினார்கள். பனியில் நிற்கும் படத்தைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த மேசை வேலையைச் சொல்லிவிடுங்கள்.

அதனால் 'துருவத் தொல்லியல்' என்று தேடி அலையாமல், அளவெடுக்கும் தொழிலை முதலில் கற்கட்டும். கணக்கு எடுத்திருந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலத்தை அளந்து கம்ப்யூட்டரில் வரைபடமாக்கும் படிப்பு) இருக்கிறது, சர்வே சார்ந்த சிவில் படிப்பும் சரிதான். கலைப் பிரிவு என்றால் தொல்லியல் பட்டம், அப்புறம் ஜிஐஎஸ் என்ற கம்ப்யூட்டர் வரைபடப் படிப்பு. மெட்ரோ, சுரங்கம், பழைய கட்டடப் புதுப்பிப்பு என்று இதே ஸ்கேனருக்கு இங்கேயே வேலை உண்டு, துருவம் கிடைக்காவிட்டாலும் சோற்றுக்குக் கஷ்டமில்லை. பாரம்பரியப் பதிவில் முதுகலை வெளிநாட்டில் என்பதை நாலு வருஷம் கழித்துப் பார்க்கலாம், இப்போதே கடன் விசாரிக்க வேண்டாம்.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பழைய மண்டபத்தை, அனுமதி வாங்கிக்கொண்டு, அளவுகோல் ஒன்றைச் சட்டகத்துக்குள் வைத்து, போனிலேயே நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் மாடல் செய்யட்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் இன்னும் நல்லது, சோதனை கடினமாகும். வெள்ளையில் மென்பொருளுக்குப் பிடிமானப் புள்ளி கிடைக்காது, மாடல் ஓட்டை விழும், பனியிலும் இதே தொல்லைதான். மூன்றாவது தடவையும் சலிக்காமல் திரும்ப எடுக்கப் போனாள் என்றால் கவுன்சிலிங்கில் ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸை மேலே போடுங்கள்.