போக மூன்று மணி, வர பன்னிரண்டு மணியா?

கேள்வி: மகள் லண்டனில், மகன் நியூயார்க்கில். மகள் வீட்டில் தங்கிவிட்டு மகனைப் பார்க்கப் போகிறேன். டிக்கெட்டில் லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது மாலை 7 மணிக்கு ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு இறக்கம். ஒரே தூரத்துக்கு எப்படி இந்த வித்தியாசம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். நியூயார்க் கடிகாரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஐந்தைக் கூட்டுங்கள், 8 மணி நேரம். வரும்போது கழியுங்கள், 7 மணி நேரம். (மார்ச்சில் நியூயார்க் முதலில் கடிகாரத்தை மாற்றிவிடும், லண்டன் மாதக் கடைசி ஞாயிறில்தான். நடுவில் சில வாரங்களுக்கு வித்தியாசம் 4 மணிதான்.)

மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரம் காற்றுடையது. விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தூரத்தைவிடக் காற்று வரைபடத்தைத்தான் நாங்கள் முதலில் விரிப்போம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறப்பதாகவும், காற்று 100 கி.மீ. வேகத்தில் வீசுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஐந்தரை மணி நேரம், எதிர்த்தால் கிட்டத்தட்ட ஏழு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதற்கு மேல்.

குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் உக்கிரம். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வந்தபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் வந்துவிட்டது. தரையைக் கணக்கில் வைத்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல்! இத்தனைக்கும் ஒலித்தடையை, அதாவது சுற்றியுள்ள காற்றில் ஒலி ஓடும் வேகத்தை, அது தாண்டவில்லை, சுற்றியிருந்த காற்றே சேர்ந்து ஓடியது.

அட்லாண்டிக்கின் மேல் தினமும் புதிதாக வான்பாதை வகுக்கிறார்கள். கிழக்கே போகிறவர்களுக்குக் கனடாவின் கேண்டர் கட்டுப்பாட்டு மையம் காற்றின் முதுகில் பாதை போடும். மேற்கே போகிறவர்களுக்கு பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் மையம் காற்றை ஒதுக்கிப் பாதை போடும். அதனால் உங்கள் மகன் இன்று பறந்த வழியில் நாளை நீங்கள் பறக்க மாட்டீர்கள். மனிதர்கள் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

திரும்பும் பயணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ராத்திரி விமானத்தில் சாப்பாடு, காலைப் பலகாரம் போக நாலு மணி நேரம்கூடத் தூங்க முடியாது. உங்கள் வயதில் அது சிரமம். நியூயார்க்கில் காலையில் கிளம்பும் விமானங்களும் சில உண்டு. எட்டு மணிக்கு ஏறினால் லண்டனில் இரவு எட்டு மணி வாக்கில் இறங்கி, மகள் வீட்டில் போய்ப் படுத்துவிடலாம். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.