டூ-ஸ்ட்ரோக் கேள்வி-பதில்: ஜெட்டில் கை வைக்கும் முன் லீக் பாருங்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: இன்ஜெக்‌ஷன் வாங்கலாமா, கார்புரேட்டரே போதுமா. இரண்டும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற வழிகள்: கார்ப் ஜெட் என்ற சின்னத் துளைகள் வழியாகக் காற்றோடு கலக்கும், இன்ஜெக்‌ஷன் இசியூ என்ற கம்ப்யூட்டரின் கணக்குப்படி தெளிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் எனக்கும் சலிக்கும், படிக்கிறவர்களுக்கும் சலிக்கும். அதனால் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாடல் வருஷம் எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் விட மனசு வரவில்லை, ஏன் என்று படித்தால் தெரியும்.

கே: 300 சிசி எண்டியூரோ (காட்டுப் பாதை) வண்டி வாங்கப் போகிறேன். இன்ஜெக்‌ஷனா, கார்பா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

எப்போதும் ஒரே உயரத்தில், பெரிதாக மாறாத சீதோஷ்ணத்தில் ஓட்டுகிறவர் என்றால் கார்ப். காலையில் அடிவாரம், மதியம் 2,000 மீட்டர் என்று ஏறி இறங்குகிறவர் என்றால் இன்ஜெக்‌ஷன். நீங்கள் எந்த ரகம் என்று எழுதியிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

கே: மலை ஏற ஏற வண்டி மூக்கடைத்த மாதிரி போகிறது, புகையும் கூடுகிறது. கீழே வந்தால் சரியாகிவிடுகிறது. கார்ப் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கும். கார்ப் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது, அதனால் வண்டி ரிச் ஆகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். வெப்பநிலையும் கணக்கில் உண்டு: 10 டிகிரி கூடினால் அடர்த்தி 3 சதவீதம் போல இறங்கும், குளிர்ந்தால் அதே அளவு ஏறும். உயரத்தை மட்டும் பார்த்து ஜெட் மாற்றுகிறவர்கள் மேலே குளிரும் என்பதை மறந்துவிட்டு, தேவைக்கு மேல் சின்ன ஜெட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

மெயின் ஜெட்டை (முழு த்ராட்டிலுக்கானது) ஒன்றிரண்டு சைஸ் இறக்குங்கள், நீடில் (நடு த்ராட்டிலில் பெட்ரோலை அளக்கும் ஊசி) கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் கீழே வந்ததும் பழைய ஜெட்டைத் திருப்பிப் போட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்படியே சமவெளியில் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் போய்விடும். இன்ஜெக்‌ஷனில் இந்த வேலையைக் காற்றழுத்த சென்சாரும் வெப்பநிலை சென்சாரும் இசியூவும் ஓட ஓடவே பார்த்துக்கொள்கின்றன. இன்ஜெக்‌ஷனின் பெரிய லாபம் இதுதான். கூடுதல் பவருக்காக வாங்குகிறேன் என்று எழுதியிருக்கும் மூன்று பேரும் இந்தப் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

கே: கேடிஎம் வண்டிகளில் இரண்டு விதமான இன்ஜெக்‌ஷன் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் ஆயில் கலக்கத் தேவையில்லைதானே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தேவையில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தப்பாகப் புரிந்துகொண்டால் கிராங்க் போய்விடும்.

2018 மாடல் 250, 300 எண்டியூரோ வண்டிகளோடு வந்தது டிரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்‌ஷன். பின்பக்க டிரான்ஸ்ஃபர் போர்ட்களில், அதாவது கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் காற்று ஏறும் வழிகளில், ஆளுக்கொன்றாக இரண்டு இன்ஜெக்டர்கள். கிராங்க் கேஸிலிருந்து மேலே ஏறிவரும் காற்றுக்கு எதிராக அவை கீழ்நோக்கிப் பெட்ரோலைத் தெளிக்கும். சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையில் கணிசமான பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக ஓடிவிடுகிறது. அதைக் குறைத்து மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குள் வண்டியைக் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு, பெட்ரோல் மிச்சமாவதும் அதனால்தான். ஆனால் பெட்ரோல் மேலேயே நுழைந்துவிடுவதால் கிராங்க் பேரிங்குக்கு ஆயில் கொண்டுபோக ஆள் இல்லை. ஆகவே சுமார் 0.7 லிட்டர் ஆயில் டேங்க், எலெக்ட்ரானிக் பம்ப். இதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கக் கூடாது.

அப்புறம் 2023 மோட்டோகிராஸ் மாடல்களிலும் 2024 எண்டியூரோ மாடல்களிலும் வந்தது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டர்கள் த்ராட்டில் பாடியிலேயே இருக்கின்றன. பெட்ரோல் கார்ப் வண்டியில் போகிற மாதிரியே கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது, அதனால் ஆயில் பம்பையும் எடுத்துவிட்டார்கள். இதில் ஆயில் கலந்தே ஆக வேண்டும். 2019 வண்டி வைத்திருக்கும் நண்பர் "இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு வெறும் பெட்ரோல் போதும்" என்று சொன்னதைக் கேட்டு 2024 வண்டியில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் ஒரு டேங்க் கூடத் தாங்காது. வண்டியில் ஆயில் டேங்க் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு தடவை பாருங்கள்.

கே: டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்‌ஷன் இப்போதுதான் வந்ததா?

இல்லை. 1995 கிரனாடா–டக்கார் பந்தயத்திலேயே ஹோண்டாவின் இஎக்ஸ்பி-2 என்ற 400 சிசி வண்டி இன்ஜெக்‌ஷனோடு ஓடி ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தது. 1997-ல் பிமோட்டா வி டூயே என்ற சாலை வண்டி நேரடி இன்ஜெக்‌ஷனோடு வந்து, பிடிவாதமாகத் தகராறு செய்து, கடைசியில் கார்ப் மாட்டிய வடிவமும் வந்தது. 2011 வாக்கில் ஒஸ்ஸா தன் டிரையல்ஸ் (தடை தாண்டும் போட்டி) வண்டியில் பேட்டரியே இல்லாமல் கிக்கரை உதைத்துக் கிளப்பும் இன்ஜெக்‌ஷனை வைத்தது. யோசனை பழசுதான், தினமும் ஓட்டுகிற அளவுக்கு அது பழகியதுதான் புதுசு.

கே: ஐடில் திடீரென ஏறி நின்றுவிடுகிறது, த்ராட்டிலை விட்டாலும் இறங்க நேரமாகிறது. பைலட் ஜெட்டை (ஐடிலுக்கானது) மூன்று தடவை மாற்றியாயிற்று, மெயினையும் பெரிதாக்கினேன். கார்ப் என்றாலே தலைவலி. இன்ஜெக்‌ஷன் கிட் வாங்கி மாட்டிவிடலாமா?

என்ன வண்டி, எந்த வருஷம், எத்தனை மணி நேரம் ஓடிய எஞ்சின், எதுவும் இல்லை. ஆனாலும் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதே கதையை எனக்கு மாதாமாதம் யாராவது எழுதுகிறார்கள், பாதிப் பேர் பிஸ்டன் சீஸ் ஆன (சிலிண்டரில் சிக்கி நின்ற) பிறகு எழுதுகிறார்கள்.

ஐயா, உங்கள் கார்ப் மேல் பெரும்பாலும் எந்தத் தப்பும் இருக்காது. த்ராட்டில் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா, ஸ்லைடு (கார்புக்குள் த்ராட்டிலோடு ஏறி இறங்கும் பாகம்) தடையில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. அது சரியாக இருந்தால் எஞ்சின் எங்கிருந்தோ திருட்டுக் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். கார்புக்கும் ரீடுக்கும் (கலவையைத் திரும்ப விடாத வால்வு) நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு, ரீட் பிளாக் கேஸ்கெட், சிலிண்டர் பேஸ் கேஸ்கெட், எல்லாவற்றுக்கும் மேலாக இக்னிஷன் பக்கத்துக் கிராங்க் சீல். சீல் ரப்பர்தானே, சூட்டிலும் வயசிலும் இறுகிவிடும். அந்தக் காற்று கார்ப் வழியாக வருவதில்லை, அதனால் அதற்குத் தக்க பெட்ரோலும் வராது, கலவை லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவு. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஓட்டையை விட்டுவிட்டுப் பெரிய ஜெட் போட்டு அதை மூடி மறைக்கிறீர்கள். ஐடிலில் சரியான மாதிரி தெரியும். ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகும், ஜெட் தானாகப் பெரிதாகாது.

லீக் டெஸ்ட் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் அடைப்பால் மூடுங்கள், கார்பைக் கழற்றி இன்டேக் ரப்பரில் வால்வு வைத்த அடைப்பு ஒன்றை மாட்டுங்கள், மீட்டர் உள்ள சின்ன கைப் பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலே பிதுங்கிவிடும். ஐந்து நிமிஷம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் எல்லாம் தெளியுங்கள், குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. இக்னிஷன் மூடியைத் திறந்து ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் தெளியுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்துச் சீலைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு கியர்பாக்ஸ் பிரீதர் (காற்று போக்கி) குழாயின் முனையைத் தண்ணீர் டம்ளரில் விட்டுப் பாருங்கள், விடாமல் குமிழி வந்தால் அந்தச் சீல் போயிற்று. கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகையும் வந்தால் அதுவும் அதே சீல்தான். பவர் வால்வு (எக்ஸாஸ்ட் போர்ட்டின் அளவை மாற்றும் பாகம்) மூடியில் குமிழி வந்தால் மட்டும் பதறாதீர்கள், அது எக்ஸாஸ்ட் பக்கத்துச் சமாச்சாரம், உங்கள் ஐடிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓடுகிற எஞ்சின் மேல் பிரேக் கிளீனரை அடித்து லீக் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதைச் செய்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது கிட் விஷயம். ஓட்டை எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் மாட்டினால் என்ன ஆகும்? தொழிற்சாலையிலிருந்து வருகிற இந்த எண்டியூரோ வண்டிகளிலேயே எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் கிடையாது. உள்ளே போன கலவை எப்படி எரிந்தது என்று இசியூவுக்குத் தெரியாது, சென்சார்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போட்டுத் தெளிக்கிறது, அவ்வளவுதான். சீல் வழியாக நுழைகிற காற்று அந்தக் கணக்கில் முறையாகச் சேராது. கார்பில் ரப்பரையும் ஜெட்டையுமாவது கையில் எடுத்துப் பார்க்கலாம், இதில் அதுவும் இல்லை. நிறையக் காசு கொடுத்து அதே பிஸ்டனை அதே மாதிரி உருக்குவீர்கள். டெஸ்ட் சாமான் ஒரு மெயின் ஜெட் செட்டைவிடப் பெரிய செலவில்லை, பாதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு ஜெட் பற்றி எழுதுங்கள். மாடல் வருஷத்தோடு.

கே: எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று பெட்ரோல்-ஆயிலை 50:1-க்குப் பதில் 32:1 கலக்கிறேன். கொஞ்சம் ரிச்சாக ஓடினால் நல்லதுதானே?

ரிச் என்பது பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு, ஆயில் அதில் வராது. லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதில் 31 மில்லி ஆயில் ஊற்றினால் அதே ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் கொஞ்சம் குறைகிறது, கலவையும் கெட்டியாகிறது. அதாவது லேசாக லீன் பக்கம் போகிறீர்கள். 32:1 தப்பில்லை, அதற்குத் தக்கபடி ஜெட் வையுங்கள், அடிக்கடி மாற்றாதீர்கள்.

கே: எக்ஸாஸ்ட் இணைப்பில் கறுப்பு எண்ணெய் ஒழுகுகிறது. ஆயிலைக் குறைக்கட்டுமா?

வேண்டாம். ஜெட் ரிச், அல்லது நீங்கள் மெதுவாகவே ஓட்டுகிறீர்கள். பைலட்டையும் நீடிலையும் பாருங்கள்.

கே: ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் ரிச்சா லீனா?

லீன். ஏர் ஸ்க்ரூ என்ற பெயரிலேயே காற்று இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் வண்டி நன்றாக நின்றால் பைலட் சரி. ஒரு சுற்றுக்குள்ளேயே நிற்கிறது என்றால் பைலட் சின்னது, இரண்டரைக்கு மேல் போகிறது என்றால் பெரியது. வண்டி கையேட்டிலும் இது இருக்கும்.

கே: இன்ஜெக்‌ஷன் வண்டியில் வேறு எக்ஸ்பான்ஷன் பைப் (நடுவில் உப்பிய எக்ஸாஸ்ட் குழாய்) மாட்டினேன். கொஞ்ச தூரம் ஓட்டினால் இசியூ தானாகக் கற்றுக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னார்.

கற்றுக்கொள்ளாது. ஆக்ஸிஜன் சென்சார் இல்லை என்று மேலேயே சொல்லியிருக்கிறேன், பிறகு எதை வைத்துக் கற்றுக்கொள்ளும்? உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஈடுகட்டும், பைப் மாறியது அதற்குத் தெரியாது. அந்தப் பைப்புக்கான மேப் (இசியூவின் பெட்ரோல் கணக்கு) போடுங்கள், இல்லை பழைய பைப்பை மாட்டுங்கள்.

கே: ஓடையில் இறங்கினால் கார்ப் வண்டி நின்றுவிடுகிறது. ஏர் ஃபில்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கார்பிலிருந்து தொங்கும் வென்ட் குழாய்கள் எல்லாமே கீழே பார்க்கின்றனவா? அவற்றின் முனை தண்ணீரில் மூழ்கினால் ஃப்ளோட் கிண்ணத்துக்கு (கார்பில் பெட்ரோல் தங்கும் இடம்) காற்று போகாது, பெட்ரோல் ஜெட்டுக்கு ஏறாது. ஒவ்வொரு பக்கக் குழாயையும் வெட்டி நடுவில் ஒரு டி இணைப்பு வைத்து, ஒரு கிளையைப் பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். இன்ஜெக்‌ஷனில் இந்தத் தொல்லை கிடையாது, கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டுவதும் கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கே: காட்டுக்குள் பேட்டரி செத்தால்?

கார்ப் வண்டியில் கிக்கர் இருந்தால் உதைத்து வீட்டுக்குப் போகலாம். இன்ஜெக்‌ஷனில் சுமார் 3.5 பார் அழுத்தம் தருகிற பம்ப் சுற்றினால்தான் பெட்ரோல். பேட்டரி சுத்தமாகப் போய்விட்டால் பெரும்பாலான வண்டிகளைத் தள்ள வேண்டியதுதான். பாக்கெட்டில் அடங்குகிற ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பையில் போடுங்கள்.

கே: நீளமான இறக்கத்தில் த்ராட்டிலை மூடி எஞ்சின் பிரேக்கில் இறங்கலாமா?

ஆயில் கலந்து ஓடுகிற எந்த வண்டியிலும், கார்போ த்ராட்டில் பாடியோ, பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். த்ராட்டில் மூடியிருக்க எஞ்சின் வேகமாகச் சுற்றினால் உள்ளே காய்ந்துவிடும். கிளட்சைப் பிடித்து இறங்குங்கள், இல்லை அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

கே: நான்கு மாதம் வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறேன். எது சிக்கல் குறைவு?

கார்ப் என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி முழுசாக வடித்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் தானாக நிற்க வைத்தால் போதாது, அடியில் கொஞ்சம் தங்கும், அது பைலட் ஜெட்டைத்தான் முதலில் அடைக்கும். இன்ஜெக்‌ஷன் என்றால் டேங்க்கைப் புதுப் பெட்ரோலால் நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, அது இன்ஜெக்டர் வரை போகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள், கார்ப் பொறுத்துக்கொள்கிற தூசியை இன்ஜெக்டர் பொறுக்காது. இரண்டிலுமே பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.