தைராய்டு ஆபரேஷன் செய்தால் அம்மாவின் குரல் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. ஆனால் நீங்கள் குரலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், எங்களை நிஜமாகப் பயமுறுத்தியது கால்சியம்.

என் அம்மா மும்பை மாட்டுங்காவில் பூ கட்டி விற்கிறார். கழுத்துக் கட்டி வருஷக்கணக்காக இருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, சோறு இறங்கவில்லை என்று ஆனபிறகுதான் சுரப்பியை முழுசாக எடுக்கச் சொன்னார் டாக்டர். (எல்லாக் கட்டிக்கும் ஆபரேஷன் வேண்டாம். ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் சந்தேகம் வந்தாலோ, கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினாலோ, அதிகச் சுரப்பு மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ எடுப்பார்கள்.)

குரல்நாணை அசைக்கும் நரம்பு சுரப்பியின் பின்னால் ஒட்டினாற்போல், பக்கத்துக்கு ஒன்றாக ஏறுகிறது. அது லேசாக இழுபட்டாலே குரல் கரகரக்கும், அறுபடாதவரை சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். தேர்ந்த கையில் நிரந்தர பாதிப்பு 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அம்மாவுக்கு மூன்று வாரம் தொண்டை கம்மியிருந்தது, அவ்வளவுதான்.

அதே சுரப்பியின் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதான். ரத்த ஓட்டம் குறைந்து அவை சோர்ந்துவிட்டால் ஓரிரு நாளில் கால்சியம் இறங்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எறும்பு ஊருற மாதிரி இருக்குடா, உதடும் மரத்துப்போச்சு, இனி நார் கையில நிக்குமா?" என்றார். டியூட்டியில் இருந்த நர்ஸ் மயக்க மருந்தின் மிச்சம் என்றார். நான் விடாமல் ரத்தம் எடுக்கச் சொன்னேன், கால்சியம் குறைந்திருந்தது. அன்று ராத்திரியே ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினார்கள், அப்புறம் இரண்டு மாதம் மாத்திரை. உதடு மரத்தாலோ கைவிரல் இழுத்துக்கொண்டாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி யாராவது கூடவே இருங்கள். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட வேண்டும், சில சமயம் படுக்கையிலேயே தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் கேளுங்கள்: பாதியா, முழுசா? வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள்? முன்னும் பின்னும் குரல்நாணைப் பார்ப்பீர்களா?

முழுசாக எடுத்தால் ஆயுசுக்கும் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரைதான். கால்சியம் அதை உடம்பில் சேரவிடாது, அதனால் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அம்மா முதலில் இரண்டையும் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்ஸின், மத்தியானச் சாப்பாட்டோடு கால்சியம் என்று மாற்றினோம்.