அவிநாசிக்காரருக்கு எதுக்குங்க நீலகிரி எம்.பி.?

திருப்பூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனா நாங்க ஓட்டுப் போடறது நீலகிரி எம்.பி.க்கு. இது என்ன கணக்குங்க? (அவிநாசி வாசகர்)

ஆறு கணக்குங்க. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளை ஆறு ஆறாகச் சேர்த்தால் 39 மக்களவைத் தொகுதிகள். நீலகிரி மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்றுதான் இருக்கின்றன. மீதி மூன்றுக்கு மலையிறங்கி மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரைச் சேர்த்துக்கொண்டார்கள். மக்களவைத் தொகுதி மாவட்ட எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இன்னொன்று, இந்தக் கோடுகளைப் போட்டது 2008-இல். திருப்பூர் மாவட்டம் பிறந்ததோ 2009-இல். அதனால்தான் காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஈரோடு எம்.பி.க்கு ஓட்டுப் போடுகின்றன. ஈரோடு மாவட்டத்தின் கோபிசெட்டிபாளையமும் பவானியும் இதற்கு நேர்மாறு!

மொடக்குறிச்சியில ஆயிரம் பேர் தேர்தலில் நின்னாங்கன்னு அப்பிச்சி சொல்றார். நிஜமா?

அப்பிச்சி குறைத்தே சொல்லியிருக்கிறார். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே நின்றவர்கள் 1033 பேர். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது, தேர்தலும் தள்ளிப்போனது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தன் ஓட்டையே தனக்குப் போடவில்லையா என்று சிரிக்க வேண்டாம். மாநிலத்தில் எந்தத் தொகுதி வாக்காளரும் எங்கேயும் நிற்கலாம், ஓட்டு மட்டும் சொந்த ஊரில்தான்.

அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் அரசுக்கு. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழியவும் வேண்டும். அப்படியும் 2024-இல் கரூரில் 54 பேர் நின்றார்கள். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்தான், நான்கை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், பணத்தைக் காட்டித் தடுப்பதைவிட முன்மொழிவோர் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம்.

நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தலா?

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் இல்லை. வேட்பாளர்களில் யார் முதலோ அவருக்கே வெற்றி. 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்று சொல்ல 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பொத்தான் அது. எதிர்ப்பைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

நாம ஓட்டுப் போடறது பிரதமருக்குத்தானே?

சுவரொட்டியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பொத்தானில் இருப்பது உங்கள் தொகுதி வேட்பாளர் பெயர். 543 பேர் கொண்ட மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார். ஆதரவு போனால் பதவியும் போகும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே ஓட்டில் விழுந்தது.

சொந்த ஊர் தேனிப் பக்கம். பத்து வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாடகை வீடு. ஓட்டு எங்கே?

வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான். சொந்த வீடு வேண்டியதில்லை. படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருக்கக் கூடாது. தேர்தல் அறிவித்தபின் ஓடாதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்கு அப்புறம் வாக்காளர் பட்டியலில் கை வைக்க மாட்டார்கள்.