பாட்டி மறக்கவில்லை

வணக்கம் ஐயா,

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துப் பாட்டுகளைப் பாட்டியிடம் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். இரண்டு வரி பாடிவிட்டு, "மீதி ஞாபகம் இல்ல" என்று நிறுத்திவிடுகிறார். யார் கட்டியது என்றும் தெரியவில்லை. ஆசிரியர் பெயரும் இல்லாமல், முழுசாகவும் இல்லாத ஒன்றைக் கலை என்று சொல்லலாமா?

ஒரு வாசகி,
பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். பாட்டி மறந்துவிட்டார் என்றும் நான் நினைக்கவில்லை.

விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் இருட்டோடு அவரவர் நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், போய்விடுவார்கள். நெற்றி விளக்கில் உளி போகும் தடம் தெரியும், அடுத்த நிரைக்காரர் முகம் தெரியாது. குரல்தான் போகும். இவர் ஒரு வரி போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் அடுத்ததை எடுப்பார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வரும் சத்தம் கேட்டால் பாட்டு வேறு திசையில் திரும்பும். கேட்டவரே அடுத்த வரியைக் கட்டியவர். பாட்டியிடம் இருப்பது அவருடைய பாதி.

உங்கள் வட்டாரத்திலேயே இதற்கு நேரெதிரான ஒருவர் இருந்தார். ஹென்றி ஃபோகோனியே, பிரெஞ்சுக்காரர். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, போட்டவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவருடைய வாசகர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள், ரப்பர் காட்டைப் பார்த்திராதவர்கள். மரத்தையும் மழையையும் ஆட்களையும் அவர்களுக்கு எழுதிக் காட்டியாக வேண்டும். பால் வெட்டுகிறவர் பக்கத்து நிரைக்காரருக்கு இருட்டை விளக்க வேண்டியதில்லை. வரிகள் அவ்வளவு சின்னதாக இருப்பதும், நமக்குப் பாதி விளங்காமல் போவதும் அதனால்தான்.

அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். நீளக் கம்பில் அரிவாள், தலைக்கு மேலே 20 கிலோ குலை. அண்ணாந்தபடியே வெட்டி, விழும்போது விலக வேண்டும். அந்த வேலையில் யாராவது குரல் கொடுத்தால் அது எச்சரிக்கை. பாடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பதில் வரும் நிரை போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஒன்று செய்யுங்கள். பாட்டியோடு பால் வெட்டியவர் யாராவது இப்போது ஏதாவது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மகன் வீட்டில் இருப்பார். அழைத்து வந்து பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசியை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். தண்டலைத் திட்டும் வரி வந்தால் வெட்டிவிடாதீர்கள், அதுவும் வேண்டும்.